நாற்பத்தொன்றாம் பாத்தி

அப்பாவின் தம்பி, என் சாச்சா குல் நவாஸைக் கேட்டால், உலகத்தில் இருப்பது இரண்டே கூட்டம்தான் என்பார். வேர்க்கிற கூட்டம், வேர்க்காத கூட்டம். வேர்க்கிறது பிழைக்கும், வேர்க்காதது கருகும். கோதுமையைத்தான் சொல்கிறார். ஆனால் சொல்லும்போது கண் என் கயிற்றுக் கட்டில் பக்கம் வந்துவிட்டுப் போகும். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்திருந்த சமயம் அது.

அவரிடம் ஒரு துப்பாக்கி உண்டு. சுடாது. விசையை அழுத்தினால் சிவப்பாக ஒரு புள்ளி விழும். பின்பக்கம் ஒரு எண் தடுமாறி நிற்கும். புள்ளி எதன்மேல் விழுகிறதோ அதன் சூடு அது. சக்வால் போகிற சாலையில், எங்கள் டோக் குக்கிராமத்திலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் ஒரு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. மழையை மட்டும் நம்பி நிற்கிற கோதுமையில் எது தாங்கும் எது சாகும் என்று அறுப்புக்கு முன்னாலேயே கண்டுபிடிப்பதுதான் அங்கே பிழைப்பு. சாச்சா அங்கே கூலிக்குச் சேர்ந்தார். வருஷங்கள் போயின. கூலியாகவே இருந்தார். ஆனால் துப்பாக்கி அவர் கைக்கு வந்துவிட்டது.

மார்ச் மாதம் கதிர் வெளிவந்த பிறகு, உச்சி வெயில் கொஞ்சம் சாய்ந்ததும், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு பாத்தி பாத்தியாக நடப்பார். மண்ணில் படாமல் இலையில் மட்டும் புள்ளி விழும்படி சாய்த்துப் பிடிப்பார். எண்ணைச் சத்தமாகச் சொல்வார். கூட வருகிறவர் எழுதிக்கொள்வார். இது போக, கதிருக்கு அடியில் கடைசியாக வரும் கண்ணாடி இலையைக் கிள்ளி நிறுப்பார்கள், தண்ணீரில் ஊறப்போட்டு நிறுப்பார்கள், அடுப்பில் காயவைத்து மறுபடி நிறுப்பார்கள். இலை எவ்வளவு தாகத்தோடு நின்றது என்று அதில் தெரியுமாம். எங்கள் ஊரில் ஆடு வாங்கும்போதுகூட இத்தனை தடவை நிறுப்பதில்லை.

டீக்கடையில் அவருக்குப் பெயர் கோதுமை டாக்டர்.

"என்ன டாக்டர், இன்னிக்கு எத்தனை கதிருக்குக் காய்ச்சல்?"

"உனக்குத்தான்யா காய்ச்சல். கதிர் எல்லாம் நல்லாயிருக்கு."

"ஊசி போட்டியா, மாத்திரையோட விட்டுட்டியா?"

"சிரிங்க சிரிங்க. வேர் ஆழமாப் போனவனுக்குத் தண்ணி கிடைக்குது. தண்ணி கிடைச்சவன் வேர்க்கிறான். வேர்க்கிறவன் உடம்பு குளிர்ச்சியா இருக்கு. மேலேருந்து பாத்தே கீழே வேர் எங்க நிக்குதுன்னு நான் சொல்லிடுவேன். உங்களால உங்க பொண்டாட்டி மனசுல என்ன இருக்குன்னு சொல்ல முடியுமா?"

"அதைச் சொல்ற துப்பாக்கி வந்தா மொதல்ல உனக்குத்தான் வேணும்" என்பார் டீ ஆற்றுகிறவர். கடையே சிரிக்கும். சாச்சாவும் சிரிப்பார்.

மின்கலம் மாற்றுவதற்காக ஒருமுறை துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். எனக்கு அதைவிடப் பெரிய பெருநாள் வந்ததில்லை. கோழிக்குப் பிடித்தேன், எருமைக்குப் பிடித்தேன், பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்த மௌலவி ஸாஹிபின் தாடிக்குத் தூரத்திலிருந்து பிடித்தேன். கடைசியாக, சப்பாத்திக் கட்டையோடு நின்ற சாச்சியின் நெற்றியில் புள்ளியை வைத்து, "ஐம்பத்தெட்டு! பக்கத்துல போகாதீங்க, வெடிக்கப் போகுது!" என்று கத்தினேன். கட்டை பறந்து வந்தது. சாச்சாவும் முறைத்தார். ஆனால் அவர் கோபம் வேறு.

"என்ன காட்டுச்சு?"

"முப்பத்திமூணு."

"அப்ப முப்பத்திமூணுன்னு சொல்லு. காட்டினதைச் சொல்லணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எண்ணுல பொய் சொல்றவன் பாலுல தண்ணி ஊத்தறவனை விடக் கேவலம்டா தைமூர்."

அவருடைய பெண்டாட்டியைக் கேலி செய்ததற்கு அல்ல, எண்ணைக் கெடுத்ததற்குத் திட்டு வாங்கினவன் எங்கள் மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த வசந்தத்தில்தான் நாற்பத்தொன்று வந்தது.

புதிதாக வந்த ரகங்களை முதல் வருஷம் ரகத்துக்கு ஒரே பாத்தியில் விதைத்துப் பார்ப்பார்கள். பெயர் கிடையாது, பாத்தி எண்தான். வயலின் ஓரத்தில், வேலிக்குப் பக்கத்தில் இருந்தது நாற்பத்தொன்று. மற்ற பாத்தியெல்லாம் இலையைச் சுருட்டிக்கொண்டு, ஓரம் மஞ்சளாகி நிற்கும்போது இது மட்டும் இலை விரித்து, சாம்பல் பூத்த பச்சையாக நின்றது. நான் அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு போயிருந்தேன். சாச்சா புள்ளியை வைத்தார். எழுதுகிறவர் பேனாவோடு காத்திருந்தார். சாச்சா துப்பாக்கியைத் தட்டிப் பார்த்து மறுபடி வைத்தார்.

"இருபத்திமூணு" என்றார். பக்கத்துப் பாத்திகளெல்லாம் இருபத்தெட்டில் நின்றன.

அறுப்பிலும் அதுவே முதலாவதாக வந்தது. மணி ஒவ்வொன்றும் உருண்டு திரண்டிருந்தது. சாச்சா ஒரு மணியை எடுத்துக் கடித்தார், தலையை ஆட்டினார், மீதிப் பாதியை என் வாயில் போட்டார். இரண்டு பேரும் ஏதோ ஹல்வா சாப்பிட்ட மாதிரி நின்றோம்.

பண்ணையில் அந்தப் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் ருக்ஷந்தா. ஒல்லியான, கறாரான அம்மாள். சாச்சாவின் பூரிப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"குல் நவாஸ் ஸாஹிப், ஒரு பாத்தி ஒரு சாட்சி. ஒத்தைச் சாட்சியை வெச்சு உங்க ஊர்ப் பஞ்சாயத்துல தீர்ப்பு சொல்வாங்களா?"

"சாட்சி நல்லவனா இருந்தா சொல்லலாமே, டாக்டர் ஸாஹிபா."

"அடுத்த வருஷம் இதே ரகத்தை நாலு இடத்துல போடுவோம். அதுக்கடுத்த வருஷம் வேற ஊர்கள்ல. அப்புறம் பேசலாம்."

இரண்டு வருஷம் பொறுக்கச் சொன்னார். சாச்சாவிடம் இரண்டு வருஷம் இல்லை. காரணம் என் அப்பா.

என் அப்பா ஹக் நவாஸ் சாச்சாவுக்கு அண்ணன். சாலையோர நிலம் இருவருக்கும் பொது, பிரிக்காதது. வானம் பார்த்த பூமி. வானமோ சில வருஷங்களாக எங்கள் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டது. பிண்டி நகரத்திலிருந்து, நிலத்தை மனை போட்டு விற்கிற ஒரு பிளாட் வியாபாரி வந்து வந்து போய்க்கொண்டிருந்தார். வாங்கினால் முழுசாக வாங்குவார், பாதி வேண்டாம். அதனால் சாச்சாவின் கட்டை விரல் பத்திரத்தில் பதியாமல் காரியம் நடக்காது.

அறுப்பு முடிந்த ஒரு சாயங்காலம் முற்றத்தில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"குல்லு, பிண்டிக்காரர் மறுபடி வந்தாரு" என்றார் அப்பா.

"வரட்டும் பாயி. டீ குடுத்து அனுப்பு."

"நம்ம வீட்டு டீயைக் குடிச்சுக் குடிச்சு அவருக்குச் சர்க்கரையே வந்துடுச்சு. இந்தத் தடவை ஒரு முடிவு சொல்லணும்."

"விக்கிறதில்லைன்னு சொன்னதுதான் முடிவு."

"எதை நம்பி விக்கிறதில்லை? இந்த வருஷம் வந்த கோதுமையை எலி பாத்துட்டு, பாவம் இவங்களுக்கே பத்தாதுன்னு பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு. என் முட்டி போச்சு. இதோ இருக்கானே துரை, இவன் ஏர் பிடிப்பானா?" என்று லஸ்ஸிக் குவளையால் என்னைக் காட்டினார். நான் ரொட்டியை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"நான் பிடிக்கிறேன்."

"நீயா?" அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. "ஊரான் கோதுமைக்கெல்லாம் நாடி பிடிக்கிற. நம்ம வீட்டுக் கோதுமை செத்துக் கிடந்தப்போ ஒரு நாள் வந்து பாத்தியா, டாக்டர்?"

சாச்சா வாயில் இருந்ததை விழுங்க நேரமானது. டீக்கடையில் யார் சொன்னாலும் சிரிக்கிறவர், இதற்குச் சிரிக்கவில்லை.

"ஒரு வருஷம் குடு பாயி. ஒரு விதை இருக்கு. நாப்பத்தொண்ணு."

"அதென்ன, சிறைக்கைதி மாதிரி?"

"இன்னும் பேர் வைக்கல."

"பேர் வைக்காத பிள்ளையைக் காட்டி நிலத்தை நிறுத்தப் பாக்குற."

"கீழ வயல்ல ஒரு மூலை குடு. மத்ததுல நீ வழக்கமா போடறதையே போடு. தண்ணி, உரம் எல்லாம் ஒண்ணுபோல. வைசாகித் திருநாளுக்கு அப்புறம் ரெண்டுலயும் சமமா ஒரு துண்டு அறுத்து, அடிச்சு, நிறுத்துப் பாப்போம். என்னுது கூட நின்னா பிண்டிக்காரர் இனிமே இந்தப் பக்கம் வரக்கூடாது."

"கம்மியா நின்னா?"

சாச்சா எச்சில் விரலைத் துடைத்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

அப்பாவுக்குப் பந்தயம் என்றால் முட்டி வலி போய்விடும். "நீ ஜெயிச்சா ஊருக்கே நான் ரேவடி வாங்கித் தரேன்" என்று எள்ளு மிட்டாய்க்கும் சேர்த்து வாக்குக் கொடுத்தார்.

டாக்டர் அம்மாளிடம் சாச்சா பந்தயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சும்மா வீட்டில் போட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டு, மீந்த விதையை ஒரு துணிப்பையில் வாங்கி வந்தார். அன்றிரவு பை சாச்சியின் தலைமாட்டில் தூங்கியது. "என்னைக் கட்டிக்கிட்டு வந்த அன்னிக்குக்கூட இவ்வளவு பத்திரமா வெச்சுக்கல" என்றார் சாச்சி.

ஐப்பசி ஈரத்தில் விதைத்தோம். விதைத்தோம் என்று நானும் சேர்ந்துகொள்வதற்குக் காரணம் உண்டு: குருவி விரட்டினேன். வேலிக்கம்பில் என் பழைய பள்ளிச் சட்டையை மாட்டி, மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து, என் கணக்கு வாத்தியாரின் மீசையைக் கரியால் வரைந்தேன். குருவிகள் பயப்படவில்லை. நான்தான் இரண்டு நாள் அந்தப் பக்கம் போகத் தயங்கினேன்.

முளைப்பு நன்றாகத்தான் வந்தது. அதற்குப் பிறகு மழை வரவில்லை. மார்கழி போனது, தை போனது. மௌலவி ஸாஹிப் எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போய் மழைத் தொழுகை நடத்தினார். மேகம் வந்தது, எங்கள் தலைக்கு மேலே நின்றது, யோசித்தது, காஷ்மீர் பக்கம் போய்விட்டது.

"நல்லதுதான்" என்றார் சாச்சா. "வறட்சிக்குன்னு பிறந்தது. வறட்சியே இல்லாட்டி நாப்பத்தொண்ணு யாருன்னு எப்படித் தெரியும்?"

ஊரே வானத்தைத் திட்டிக்கொண்டிருக்க, காய்வதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே விவசாயி அவர்தான். டீக்கடையில் இதைக் கேட்டு ஒருவர் எழுந்தே போய்விட்டார்.

மார்ச் வந்தது. கதிர் வந்தது. கேட்டு வாங்கி ஒருநாள் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். இருவரும் கீழ வயலுக்குப் போனோம். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு முதலில் அப்பாவின் கோதுமையில் புள்ளியை வைத்தார்.

"இருபத்தாறு."

நான் சிகரெட் அட்டையில் எழுதினேன். பிறகு மூலைக்குப் போனார். சட்டித்தலை வாத்தியார் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாச்சா சாய்த்துப் பிடித்தார், அழுத்தினார், பார்த்தார். இடம் மாறி நின்று அழுத்தினார். மறுகோடிக்குப் போய் அழுத்தினார். அந்த மூலை முழுக்கச் சிவப்புப் புள்ளி பூச்சி மாதிரி அலைந்தது.

"சாச்சா, எண்ணு?"

சாச்சா மறுபடியும் அழுத்தினார்.

"சாச்சா, நான் எழுதணும்."

"முப்பது" என்றார்.

கண்ணாடி இலை ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். குழல் மாதிரி சுருண்டிருந்தது. அப்பாவின் கோதுமை குட்டையாக, அழகில்லாமல், கூட்டமாக நின்றது. ஆனால் இலை விரிந்திருந்தது. அது எங்கள் பாட்டன் காலத்திலிருந்தே எங்களிடம் அடிபட்டு வளர்ந்தது, எங்களைத் தெரிந்தது. நாற்பத்தொன்று விருந்தாளி மாதிரி நின்றுகொண்டு தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டது.

ஊருக்கு அறுத்தால்தான் தெரியும். அப்பாவுக்கு நிறுத்தால்தான் தெரியும். சாச்சாவுக்கு அப்போதே, பால் பிடிப்பதற்கு முன்னாலேயே, நிலம் போய்விட்டது தெரிந்துவிட்டது. அவர் கற்றுக்கொண்ட தொழிலின் லாபம் இதுதான்: எல்லோருக்கும் ஒரு மாதம் முன்னால் அழலாம்.

திரும்பி வரும் வழியில் நான் சொன்னேன். "சாச்சா, நம்ம குளத்துல கொஞ்சம் தண்ணி கிடக்கு. ரெண்டு குடம் இருக்கு. அப்பா தூங்கினதும் நான் ஊத்திடறேன். மூலைதானே. யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக் கழுதையைக் கேக்காமலே எடுத்துக்கறேன். ஏற்கெனவே நிறைய தடவை எடுத்திருக்கேன்."

சாச்சா சைக்கிளை நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். என் தலையில் கை வைத்தார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

"தண்ணி ஊத்தினா எந்தக் கோதுமையும் ஜெயிக்கும்டா. அப்புறம் நான் எதைச் சொல்லிப் பந்தயம் கட்டினேன்?"

அன்று இரவே அப்பாவிடம் போய்ச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. தானாகப் போய்ச் சொன்னார்.

"பாயி, இன்னிக்கு அளந்தேன். உன்னுது இருபத்தாறு. என்னுது முப்பது."

"அப்படின்னா?"

"என்னுது தோக்கும்."

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீ பந்தயம் ஆடத் தெரியாதவன், குல்லு" என்றார். அதில் கேலி கம்மியாக இருந்தது. ஆனால் மறுநாளே பிண்டிக்குப் போன் போட்டுவிட்டார்.

சாச்சாவுக்குத் தோற்றது புரிந்தது, ஏன் தோற்றது என்பது புரியவில்லை. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். பண்ணையில் அந்த வருஷத்துச் சோதனை வேறு வயலுக்கு மாறியிருந்தது. டாக்டர் ருக்ஷந்தா நான்கு இடத்தில் போட்டிருந்த நாற்பத்தொன்றைக் காட்டினார். நான்கும் எங்கள் மூலை மாதிரியே குழலாகச் சுருண்டு நின்றன.

"பாத்தீங்களா குல் நவாஸ் ஸாஹிப்? நாலு சாட்சியும் மாத்திச் சொல்றாங்க."

"அப்ப போன வருஷம் பாத்தது என்ன, டாக்டர் ஸாஹிபா? இருபத்திமூணு. என் கையால அளந்தேன். பொய்யா?"

"அதுதான் எனக்கும் புரியல."

சாச்சா பழைய வயலுக்கு நடந்தார். நானும் டாக்டர் அம்மாளும் பின்னால் போனோம். வயல் தரிசாகக் கிடந்தது, ரொட்டிக்கல் மாதிரி காய்ந்து வெடித்திருந்தது. மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வயலோரத்தில் இருந்த குழாய்க்கு வந்தார்கள். செங்கல்லில் குந்தி, கை, வாய், முகம், கால் கழுவி ஒளு எடுத்தார்கள்.

அந்தக் குழாயே சாச்சா கேட்டு வாங்கியதுதான். பள்ளிவாசல் தூரம், ஆட்கள் தொழுகையை விடுகிறார்கள் என்று, நாற்பத்தொன்றை விதைத்ததற்கு முந்தின வருஷம் கெஞ்சி வாங்கினார். மூன்று செங்கல்லையும் அவரே போட்டார். ஒளு எடுத்த தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது, சுத்தமான மண்ணுக்குத்தான் போக வேண்டும் என்று, குழாயடியிலிருந்து வேலி ஓரமாக ஒரு சின்ன வாய்க்காலும் அவர் கையாலேயே கீறிவிட்டிருந்தார்.

தண்ணீர் அந்த வாய்க்காலில் போனது. நாங்கள் மூன்று பேரும் அது போவதைப் பார்த்தோம். அது வேலிக்கு அடியில் நுழைந்து, தரிசு வயலின் ஓரத்தில் மண்ணுக்குள் இறங்கியது. போன வருஷம் நாற்பத்தொன்று நின்ற அந்த இடத்தில் மட்டும், ஒரு பாத்தி அகலத்துக்கு, முழங்கால் உயரம் களை. கண்ணைக் குத்துகிற பச்சை.

சோதனை வயலுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது என்பது பண்ணையின் முதல் சட்டம். வாளியோடு ஒருவன் வந்தால் சாச்சாவே விரட்டுவார். ஆனால் ஒளுத் தண்ணீரை அங்கே யாரும் தண்ணீராகவே நினைக்கவில்லை. படித்த டாக்டர் அம்மாளும் நினைக்கவில்லை. அவரும் தொழுகிறவர்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு எதற்கும் முதலில் சிரிப்புத்தான் வரும், பிறகுதான் மற்றது. சாச்சாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

"குழாயை மாத்திடலாம்" என்றார் டாக்டர் ருக்ஷந்தா, ரொம்ப மெதுவாக. "நானும் பாத்திருக்கணும். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. உங்க வீட்டுல போட்டது சும்மாத்தானே?"

"சும்மாத்தான், டாக்டர் ஸாஹிபா" என்றார் சாச்சா.

பிறகு குழாய்க்குப் போனார். செங்கல்லில் குந்தினார். குழாயைத் திறந்து அதன் கீழே கையை நீட்டியபடியே இருந்தார். தண்ணீர் அவர் கையில் பட்டு, வாய்க்காலில் விழுந்து, களைக்குப் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் நின்றவர், "குல் நவாஸ், தொழுகைக்கு நேரமாச்சு, முன்னாடி நிக்க ஆள் வேணும்" என்றார். அங்கே தொழ வைப்பது எப்போதும் சாச்சாதான். அன்று அவர் கடைசி வரிசையில் நின்றார்.

வைசாகிக்குப் பிறகு அறுத்தோம். பேசியபடியே இரண்டு துண்டு. அடித்து, தூற்றி, மளிகைக்கடைத் தராசில் வைத்தார்கள். அப்பாவின் தட்டு கீழே போனது. சாச்சாவின் தட்டில் இருந்த மணிகள் சீரகம் மாதிரி ஒட்டியிருந்தன. சுற்றி நின்றவர்கள், "டாக்டர், உன் நோயாளி போயிட்டானே!" என்று ஆரம்பித்தார்கள். தோற்றவர் முகத்தில் ஒன்றும் இல்லாததால் கேலி பாதியில் நின்றுவிட்டது. செத்த வீட்டுக்கு ஒரு மாதம் கழித்து வந்து ஒப்பாரி வைத்தால் எப்படி இருக்கும்?

ஒளு விஷயத்தை சாச்சா யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஊர் தலைமுறைக்கும் சிரித்திருக்கும். நானும் சொல்லவில்லை. வாயில் வந்ததையெல்லாம் வெளியே விடுகிற நான் வைத்திருந்த முதல் ரகசியம் அது. இப்போது எழுதுகிறேன் என்றால், சிரிப்பதற்கு அங்கே ஊரே மிச்சமில்லை.

பத்திரத்தில் விரல் வைத்தார். அப்பா ரேவடி வாங்கினார். சாச்சா ஜெயித்தால் தருவதாகச் சொன்னதை அவர் தோற்றதற்குத் தந்தாரா, தான் ஜெயித்ததற்குத் தந்தாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சாச்சா ஒன்றை வாயில் போட்டு மெதுவாக மென்றார். எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அந்த வருஷம் பண்ணையில் கூலி ஆட்களைக் குறைத்தார்கள். குழாயும் போயிற்று, சாச்சாவும் வீட்டுக்கு வந்தார். நிலத்தைச் சுற்றிச் சுவர் எழும்பியது. சாலைப் பக்கம் ஒரு பெரிய வளைவு கட்டி, இரண்டு பக்கமும் ஆள் உயரத்தில் பொன் வண்ணம் அடித்த பிளாஸ்டிக் கோதுமைக் கதிர்கள் வைத்தார்கள். குடியிருப்புக்குப் பெயர் பசுங்கதிர் நகர். எந்த வறட்சியும் தாங்குகிற கோதுமையை எங்கள் மண்ணில் கடைசியில் பிண்டிக்காரர்தான் போட்டார். வாசல் காவலுக்கு ஆள் வேண்டும் என்றபோது சாச்சாவையே கேட்டார்கள். நிலத்தில் வந்த பங்கு சாச்சியின் வைத்தியத்திலேயே கரைந்திருந்தது, மருந்துக்கு ஏதாவது வர வேண்டுமே, போனார்.

பிறகு அந்த நோய் வந்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு திரிந்தார்கள். நகருக்குள் வருகிறவர்களுக்கு நெற்றியில் சூடு பார்த்துத்தான் விட வேண்டும் என்று உத்தரவு. பிளாட் அலுவலகத்திலிருந்து ஒரு பையன் வந்து சாச்சாவின் கையில் வெள்ளையாக ஒரு துப்பாக்கியைக் கொடுத்து, "பெரியவரே, இதை இப்படிப் பிடிக்கணும், இப்படி அழுத்தணும்" என்று சொல்லிக்கொடுத்தான். சாச்சா கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

நான் தினமும் மோட்டார் சைக்கிளில் அவருக்கு ரொட்டி கொண்டுபோவேன். அந்த வண்டியை வைத்துக்கொண்டு அதைவிட உருப்படியாக எதுவும் செய்ததில்லை. கார் கண்ணாடி இறங்கும், நெற்றி வெளியே வரும், சாச்சா வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நிற்பார். நெற்றிக்கு அது தேவையில்லை. பழக்கம். எண்ணைச் சத்தமாகச் சொல்வார். நான் இருந்தால் வாசல் பதிவேட்டில் எழுதுவேன், இல்லாவிட்டால் அவரே எழுதிக்கொள்வார். காட்டினதைத்தான் சொல்வார். பிளாட் அலுவலக முதலாளியின் மச்சானுக்கே முப்பத்தெட்டு காட்டியது என்று திருப்பி அனுப்பி, அதற்கு வசவும் வாங்கினார்.

ஒருநாள் மத்தியானம் அப்பாவின் கார் வந்தது. பழைய கார்தான், அப்பாவுக்குப் புதுசு. உள்ளே ஒரு மூலை பிளாட்டை அப்பா தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தார். கீழ வயலில் நாற்பத்தொன்று நின்ற அதே மூலை. வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டுகிறார்கள், பார்க்க வந்திருந்தார்.

"கண்ணாடியை இறக்கு பாயி" என்றார் சாச்சா.

"என்னையுமா?" அப்பா சிரித்துக்கொண்டே முகத்துணியை இறக்கினார். "பாரு பாரு. கோதுமையிலேருந்து மனுஷனுக்கு உத்தியோக உயர்வு. நல்லாப் பாரு டாக்டர், வேர் எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு."

சாச்சா சாய்த்துப் பிடித்தார். அழுத்தினார். நான் அவர் தோளுக்குப் பின்னால் பதிவேட்டோடு நின்றேன். எண் தடுமாறி நின்றது. முப்பத்தாறு புள்ளி ஒன்று.

சாச்சா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொம்பது" என்றார்.

அப்பாவின் சிரிப்பு நின்றது. "எனக்கா? நான் நல்லாத்தானே இருக்கேன், குல்லு?"

"முப்பத்தொம்பது, பாயி. உள்ளே விட முடியாது. வீட்டுக்குப் போய்ப் படு."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அப்பா சண்டை போட்டிருப்பார். தான் தோற்கிற எண்ணைக்கூடத் தானே வந்து சொன்ன ஆள் சொல்கிறார். அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. காரை மெதுவாகத் திருப்பினார். பிளாஸ்டிக் கதிர்களுக்கு நடுவே அது சாலையில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சாச்சா என் பக்கம் திரும்பவில்லை.

நான் பேனா மூடியைக் கழற்றினேன். ஹக் நவாஸ், முப்பத்தொன்பது, அனுமதி இல்லை என்று எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் கோழி கிளறின மாதிரி இருக்கும். அன்றைக்கு மட்டும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி எழுதினேன்.